ஏழாவது பின்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். துவைக்கிற கல்லின் மேல் ஒரு ஸ்பிளிட் பின் கிடந்தது.

ஒன்றரை அங்குல நீளம். புதியது. இரண்டு கால்களும் பிரியாமல் ஒட்டியிருந்தன. பக்கத்தில் என் காக்கிச் சட்டை பாதி நனைந்து கிடந்தது. என் மனைவி சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? பாக்கெட்ல ஆணிய வெச்சிக்கினு சட்டைய கழட்டிப் போடுறீங்க. கையில ஏறியிருந்தா?"

"ஆணி இல்ல. பின்னு."

"ஏதோ ஒண்ணு. கசக்கும்போது குத்திச்சி."

பின்னைக் கையில் எடுத்தேன். அந்தப் பின் அங்கே இருக்கக்கூடாது. அது இருக்க வேண்டிய இடம் மலைமேல், யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்கு அடியில்.

புதிதாக இந்த எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. கண்டன்சர் மாற்றுவது, காயில் கட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ரிமோட் ஃபேனை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. அதனால் அந்தச் சங்கதிகளை விட்டுவிட்டு, அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் எழுதுகிறேன். அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பின் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று ஒரு வரி. ஃபேனின் ராடு மேலே கூரைக் கொக்கியில் ஒரு போல்ட்டால் தொங்குகிறது, கீழே மோட்டாரை இன்னொரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடுகிற அதிர்வில் நட்டு மெல்ல மெல்லக் கழன்று வரும். கழன்று விழாமல் தடுப்பது இந்தப் பின். ஒரு ஃபேனுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு. மேலே உள்ளதை, கூரையோடு ஒட்டி நிற்கிற கிண்ணம் மாதிரியான கப்பு மூடிவிடும். கீழே நின்று பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏணியில் ஏறும் முன் இரண்டு பின்னையும் இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். பாக்கெட் காலியானால்தான் இறங்குவேன். இறங்கும்போது ஒருமுறை பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பேன். முப்பத்தொரு வருடமாக என் கணக்கு அதுதான். நோட்டுப் புத்தகமோ வேறு எதுவுமோ கிடையாது.

முந்தின நாள் மலைமேல் மூன்று வீடுகளில் மூன்று புது ஃபேன் மாட்டியிருந்தேன். ஆறு பின்கள். ஒன்று கல்லின் மேல் கிடக்கிறது என்றால் ஒரு ஃபேன் பின் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எது?

கல்லுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு யோசித்தேன். காலையில் முதல் வேலை மல்லிகா வீட்டில். காவலூர் போகிற வழியில் இருக்கிற தையல்காரப் பெண். நான் வேலை செய்த நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். பேசுகிற வீட்டில் கவனம் சிதறும். மதியம் குமார் வீடு. குமார் மலைமேல் ஜீப் ஓட்டுகிறவன். பிரசவத்துக்குப் போன அவன் மனைவி அமுதா, ஐந்து மாதக் குழந்தையோடு அன்று சாயங்காலம் தாய்வீட்டிலிருந்து வர இருந்தாள். சாயங்காலம் சரோஜா அக்கா வீடு. மலைப்பாதை ஏறி முடிகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர். அங்கே வேலை செய்யும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி வேலை, அவசரம்.

குமார் வீட்டு வேலை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் டார்ச் அடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றான். மேல் பின்னைச் செருகி, காலைப் பிரித்து மடக்கியதும், "அந்த சின்ன கம்பி எதுக்குங்க?" என்று கேட்டான். நான் பதில் சொன்னேன். அங்கே தப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை.

போனை எடுத்தேன். முதலில் சரோஜா அக்கா.

"அக்கா, நான்தான். நேத்து ஃபேன் மாட்டினவன்."

"சொல்லுப்பா. ஜம்முனு ஓடுது."

"நிறுத்துங்க."

"இன்னா?"

"நான் வர்ற வரைக்கும் ஃபேன போடாதீங்க. ஒரு சின்ன வேல பாக்கி."

"நேத்து போடுன்ன. இன்னிக்கி போடாதன்ற. காலைலியே ஊத்திக்கினியா?"

மல்லிகாவின் போன் மணியடித்தது, எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அவளுக்குப் போன் காதில் விழாது. குமாரின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் ஊர் சந்தவாசலிலிருந்து வண்டியை எடுத்தேன். பின்னை ஒரு தாளில் மடித்து, பனியன் பையில் வைத்துக்கொண்டேன். போளூர் தாண்டி மலைப்பாதை ஏறும்போது முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. வளைவுகளில் அதை முந்த முடியவில்லை. அந்த நேரம் முழுக்க என் மனதில் ஓடியது ஒரே விஷயம்: நட்டு எத்தனை மரை இறங்கியிருக்கும்? நான் நட்டை நன்றாக இறுக்குகிறவன். பின் இல்லாமலே ஒரு வாரம் தாங்கலாம். ஒரு மாதம்கூடத் தாங்கலாம். ஒரு நாளில் விழாது. இதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த வளைவில், நட்டை இறுக்கினேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஏழு நாற்பதுக்கு டீக்கடை. சரோஜா அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஊது பாப்போம்."

"அக்கா, ஏணி எங்க?"

"நேத்து மாட்டுனத இன்னிக்கி கழட்டப் போறியா? உன்னாண்ட வேல குடுத்த எனக்கு நல்லா வேணும்."

ஏறினேன். கப்பை இறக்கினேன். மேல் பின் இருந்தது, கால்கள் இரண்டும் ஒழுங்காக மடிந்து. கீழ்ப் பின்னும் இருந்தது. இருட்டில் செய்த வேலை அது. மூன்றிலும் அதுதான் சுத்தமாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. சரோஜா அக்கா டீ கொடுத்தார். பாதி குடித்தேன்.

"எல்லாம் கரெக்டா கீதா?"

"இருக்குக்கா."

"அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்புடி கீது?"

டீக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. அதில் போனால் குமார் வீடு. நேராகப் போனால் ஜமுனாமரத்தூர், அதைத் தாண்டி மல்லிகா வீடு. அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்தினேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்தேன்.

மல்லிகா காலை எட்டு மணியிலிருந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து தைக்கிறவள். அவள் பேசிக்கொண்டே இருந்ததால் அங்கேதான் பின்னை விட்டிருப்பேன். குமார் வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த இரண்டு காரணங்களும் அப்போது சரியாகத்தான் பட்டன. நேராகப் போனேன். குமார் வீட்டில் குழந்தை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் நேராகப் போனேன். இந்த இடத்தை ஒளிக்காமல் எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு மல்லிகா வீட்டுக்குள் நுழைந்தேன். ஃபேன் மூன்றாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. மல்லிகா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

"இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம வந்து சுச்ச அமுத்துறீங்க? கல்யாண ஜாக்கெட்டு இது. வேர்வ பட்டா நீங்க தோச்சி குடுப்பீங்களா?"

"எழுந்து அந்தப் பக்கம் போம்மா."

என் குரல் அவளுக்கு ஏதோ சொல்லியிருக்கவேண்டும். துணியை மார்போடு அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு பின்களும் இருந்தன. நான் ஏணியிலேயே நின்றேன். கையால் தொட்டுப் பார்த்தேன். இருந்தன.

இறங்கி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தாளைப் பிரித்துப் பின்னையும் காட்டினேன். அவள் மெஷின் பலகையில் சட்டைப் பட்டன்களை வரிசையாக வைத்தாள்.

"எங்க வூட்டுக்கு ரெண்டு. டீக்கட அக்காவுக்கு ரெண்டு. குமாரு வூட்டுக்கு ரெண்டு. ஆறு. கையில இருக்கறது அந்த ஆறுல ஒண்ணா, தனியா?"

"ஆறுல ஒண்ணாத்தான் இருக்கணும்."

"நாலு சரியா இருக்குதுன்னா, குமாரு வூட்டுலதான் ஒண்ணு இல்ல."

"அங்க போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்ப இது புதுசா மொளச்சிதா?"

"பொட்டியில ஒண்ணு கூட இருந்திருக்கலாம். மிஞ்சினதா இருக்கலாம்."

மல்லிகா சிரிக்கவில்லை. "ஜாக்கெட்டு தைக்கிறப்ப ஒரு ஊக்கு மிஞ்சினா, எங்கயோ ஒரு ஊக்க தைக்காம வுட்டிருப்பேன்ணா. மிஞ்சறதுன்னு ஒண்ணு கெடையாது. கெளம்புங்க."

திரும்பி வந்து மண்பாதையில் இறங்கி, குமார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பத்து மணி ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரம் கதவுக்கு எதிரே இருந்ததால் மணி தெரிந்தது. கடிகாரத்துக்கு அடுத்து நான் பார்த்தது ஃபேனை. அதில் றெக்கைகள் இல்லை.

மோட்டார் மட்டும் தொங்கியது. மூன்று றெக்கைகளும் சுவரோரம் அட்டைப் பெட்டிமேல் அடுக்கியிருந்தன. கப்பை ராடின் பாதி வரை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு பச்சைப் புடவை கொக்கியில் முடிச்சுப் போடப்பட்டு, மோட்டாரின் இரு பக்கமும் இறங்கி, கீழே தூளியாகத் தொங்கியது. தூளி கனமாக இருந்தது. லேசாக ஆடிக்கொண்டும் இருந்தது. அமுதா பாயில் உட்கார்ந்து, தூளியின் ஓரத்தை ஒரு விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

மலைமேல் கான்கிரீட் வீடுகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அறைக்கு ஒரே கொக்கி. குழந்தை பிறந்த வீட்டில் அது தூளிக்கு, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு ஃபேனுக்கு. நாங்களே எத்தனையோ முறை ஃபேனைக் கழற்றிவைத்து, ஒரு வருடம் கழித்துத் திரும்ப மாட்டியிருக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே கொக்கியில் தொங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

குமார் பின்கட்டிலிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாட்டினத நான் கழட்டல. றெக்கைய மட்டும்தான் எடுத்தேன்."

"எதுக்குப்பா?"

"ஃபேனு மாமனாரு வாங்கிக் குடுத்தது. கொழந்தைய கொண்டாந்து வுடறதுக்கு முன்னாடியே சீரோட சேத்து அனுப்பிட்டாரு. அவரு வந்து நிமுந்து பாக்கும்போது ஃபேனு மேல இருக்கணும், இல்லன்னா கோச்சிக்குவாரு. வந்தாரு, பாத்தாரு, போட்டுக் காட்டுன்னாரு, போட்டோம். பஸ் ஏறிட்டாரு. இவன் அழுவ ஆரம்பிச்சிட்டான்."

"முழுசா இறக்கியிருக்கலாம்ல?"

"ஞாயித்துக்கெழம திரும்ப வர்றாருங்க. றெக்கைன்னா அஞ்சு நிமிஷத்துல மாட்டிடுவேன்."

அமுதா தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "மெதுவா பேசுங்க. ராத்திரி பூரா தூங்கல. இப்பத்தான் கண்ண மூடுனான்."

சுவிட்சைப் பார்த்தேன். யாரும் தெரியாமல் போட்டுவிடக்கூடாது என்று அதன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து எல்லாவற்றையும் அந்த இரண்டு பேரும் யோசித்திருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு" என்றேன்.

"நேத்துதான பாத்தீங்க?" என்றான் குமார்.

"புது மோட்டாருல சத்தம் வரும் சில சமயம்."

"இப்பத்தான் ஓடவே இல்லியே, சத்தம் எங்க வரும்?"

"கொழந்தைய கொஞ்சம் எடுத்துக்கினா, மேல ஏறிப் பாத்துடுவேன்."

அமுதா இப்போது திரும்பினாள். "இன்னிக்கிதான் பாக்கணுமாண்ணா? சாயங்காலம் வாங்களேன். தூங்கறவன எழுப்பிட்டு அப்பறம் யாரு அவனாண்ட பேசறது?"

முப்பத்தொரு வருட வேலைக்காரன், பின் போட மறந்துவிட்டேனோ என்று சந்தேகம் என்று சொல்ல வாய் வரவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு நின்றவனிடம், அந்தச் சின்னக் கம்பி எதற்கு என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவனிடம். நான் ஃபேன் கம்பெனிகளைப் பற்றி ஏதோ சொன்னேன். குமார் ஏதோ கேட்டான். தூளி ஆடிக்கொண்டிருந்தது. அமுதாவின் விரல் இழுக்கும்போதெல்லாம் மேலே முடிச்சு ஒரு நூல் அளவு நகர்வதைப் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன். மணி பத்து பன்னிரண்டு. ஏழு நிமிடம் போயிருந்தது.

"அமுதா," என்றேன். "நேத்து நான் ஒரு பின்னு போடாம வுட்டுட்டேன்னு நெனைக்கிறேன். இதுல இருக்கலாம். இருந்தா, மேல இருக்கற போல்ட்டு கழண்டு மோட்டாரு கீழ வுழும். கொழந்த மேல வுழும்."

நான் முடிக்கும் முன் குழந்தை அவள் தோளில் இருந்தது. ஒரே அசைவு. குழந்தை விழித்துக் கத்த ஆரம்பித்தது. அவள் கதவருகே போய் நின்று என்னைப் பார்த்தாள்.

"இத சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?"

குமார் பக்கத்து வீட்டிலிருந்து ஏணி கொண்டுவந்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் கூடவே வந்து, குழந்தையின் கத்தலைக் கேட்டுவிட்டு, "எங்க வூட்டுல உத்தரத்துல தூளி கட்டிக்கோ, நீ வா" என்றாள். அமுதா போகவில்லை. பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நின்றாள்.

ஏறி, புடவை முடிச்சை அவிழ்த்தேன். மேல் போல்ட். பின் இருந்தது. நான் மடக்கியபடியே. கீழ்ப் போல்ட். பின் இருந்தது.

ஆறும் இருந்தன.

ஏணியில் உட்கார்ந்தேன். தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஏழாவது பின் அதில் இருந்தது.

"முடிஞ்சிதா?" என்றாள் அமுதா. "கொழந்தைய போடலாமா?"

போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. எதற்காக வந்தேனோ அது சரியாக இருந்தது. மோட்டார் நிற்கும். முடிச்சைத் திரும்ப இறுக்கிப் போட்டுவிடலாம். ஆனால் கணக்கு இடித்தது, இறங்க மனம் வரவில்லை. முதலிலிருந்து எண்ணினேன். டீக்கடை இரண்டு. மல்லிகா இரண்டு. இங்கே இரண்டு. மறுபடி எண்ணினேன். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்துவிட்டதால் கண் சும்மா கப்புக்குள் போனது.

ராடின் பாதியில் வாய் மேலே பார்க்க நின்றிருந்த கப்புக்குள் ஒரு சிட்டிகை சிமென்ட் தூள் கிடந்தது.

நேற்று பெட்டியிலிருந்து நான் எடுத்த கப்பு அது. துடைத்துத்தான் மாட்டினேன். நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தேன். கூரைக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தபோது கொக்கிக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். அந்த நீலம் கொக்கியின் கழுத்தில் ஒரு கோடாக முடிந்தது. கோட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஓர் அரிசி நீளத்துக்குச் சுண்ணாம்பு படாத வெறும் இரும்பு தெரிந்தது.

கொக்கி அவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்குமா, இல்லை அது நேற்றே இருந்ததா? தெரியவில்லை. நேற்று நான் பின்னைப் பார்த்தேன்.

"போடாதம்மா," என்றேன். "பக்கத்து வூட்டுக்கே போ."

அவள் காரணம் கேட்கவில்லை. போய்விட்டாள்.

மீதியைச் சொல்லும் முன் பின்னைப் பற்றி முடித்துவிடுகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நனைத்த சட்டை எந்த நாள் சட்டை என்று மனைவியைக் கேட்டேன். "ரெண்டு சட்டையும் ஒரே காக்கி. எது நேத்துது எது முந்தாநேத்துதுன்னு எனக்கு இன்னா தெரியும்? பேரு எழுதியா போடுறீங்க?" என்றாள். முந்தாநாள் கீழே இரண்டு வீடுகளில் மாட்டியிருந்தேன். அடுத்த நாள் அங்கேயும் போய் ஏறிப் பார்த்தேன். நான்கும் இருந்தன. அந்த வாரம் முழுக்க, அதற்கு முந்தின வார வீடுகள் வரைக்கும் போனேன். ஒருவர் வீட்டிலும் குறையவில்லை. மிஞ்சுவது என்று ஒன்று கிடையாது என்று மல்லிகா சொன்னதை நான் இன்றும் நம்புகிறேன். அப்படியென்றால் எங்கோ ஓர் இடத்தை நான் பார்க்காமல் விட்டிருக்கவேண்டும்.

உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லலாம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்: தப்பு எங்கே நடந்திருக்கும் என்று தேடிப் போகாதீர்கள், விழுந்தால் யார் மேல் விழும் என்று பார்த்து அங்கே முதலில் போங்கள். நினைவில் நன்றாக இருக்கிற வேலையைக் கடைசியில் வைக்காதீர்கள். இது சரிதான். மண்பாதைப் பிரிவில் நான் எடுத்த முடிவு தப்புதான். அமுதாவிடம் அந்த ஏழு நிமிடம் மழுப்பியது அதைவிடப் பெரிய தப்பு.

ஆனால் இடது பக்கம் திரும்பி முதலில் குமார் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். ஏறியிருப்பேன். இரண்டு பின்னும் இருப்பதைப் பார்த்திருப்பேன். அப்பாடா, இங்கே இல்லை என்று இறங்கி, "போடலாம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு அவசரமாக வண்டியை எடுத்திருப்பேன். கப்புக்குள் பார்த்திருக்க மாட்டேன். போக வேறு வீடு இல்லாததால்தான் அங்கே உட்கார்ந்து எண்ணினேன். தப்பான வரிசையில் போனதால் பார்த்தேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சரியான வரிசையில் போங்கள் என்றுதான் சொல்லமுடியும். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நீலக் கோடு ஞாபகம் வருகிறது.

இனி மீதி.

அமுதா பக்கத்து வீட்டுக்குள் போனதும், நானும் குமாரும் மோட்டாரை இறக்கினோம். அவன் கீழே நின்று வாங்கிக்கொண்டான். அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். கொக்கி காலியாக நின்றது. நான் வெறும் இரும்பைக் காட்டினேன்.

குமார் நம்பவில்லை. "இதாங்க? இது வூடு கட்டும்போதே அப்புடித்தான் இருந்திருக்கும். சுண்ணாம்பு அடிக்கிறவன் வுட்டிருப்பான். எங்க கொத்தனாரு போட்ட கொக்கி. ஆனைய கட்டலாம்."

"கம்பியோட சேத்துக் கட்டியிருந்தாங்களா, கூர போடும்போது?"

"கட்டாம இருப்பாங்களா? உள்ள ரெண்டு பக்கமும் மடக்கி, கம்பியில மாட்டித்தான் ஜல்லி கொட்டுனாங்க. நான் பாத்தேன்."

"நீ பாத்தியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன். நான்தான் தண்ணி ஊத்தினேன் அன்னிக்கி." பிறகு சிரித்தான். "இருங்க, நானே தொங்கிக் காட்டறேன். அப்பறமாச்சும் நிம்மதியா போவீங்க."

இறங்கி வழிவிட்டேன். அவன் ஏணியில் நான்கு படி ஏறினான். வலது கையால் கொக்கியைப் பிடித்தான். கால் இரண்டும் ஏணியிலேயே இருந்தன. முழு எடையையும் கொடுக்கவில்லை. லேசாக ஒருமுறை இழுத்தான்.

கொக்கி கையோடு வந்தது. ஒரு சாண் நீளம். மேல்முனை வளைக்கப்படாமல், அறுத்தபடியே நேராக இருந்தது.

மணி பத்து ஐம்பது. பக்கத்து வீட்டில் குழந்தையின் அழுகை நின்றிருந்தது.